தரைக்கு மேலே எல்லாம் மாறிவிட்டது

திருச்சி பாலக்கரைப் பக்கம் நாங்கள் இருந்த ஒண்டுக் குடித்தனத்தில் எட்டுக் குடும்பங்கள். கிணறு உண்டு, துளசி மாடம் உண்டு, துவைக்கிற கல் உண்டு. கக்கூஸ் மட்டும் கிடையாது. தெருக்கோடியில் நகராட்சி கட்டிவைத்த பொதுக் கழிப்பிடம்தான் எல்லோருக்கும். திருச்சி மாநகராட்சி ஆனது 1994-ல். நான் சொல்வது அதற்கும் வெகுகாலம் முந்திய கதை.

இடுப்பளவுத் தடுப்புச் சுவர்கள். கதவில்லை. மேலே கூரையுமில்லை. ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் ஆளுயரச் சுவர் ஒன்று. மழைக்காலத்தில் குடையோடுதான் போக வேண்டும். வெயில் காலத்தில் பத்து மணிக்கு மேல் அந்தச் சிமெண்டுத் தரையில் கால்வைக்க முடியாது. விளக்கு கிடையாது என்பதால் பெண்கள் விடியுமுன் நான்கைந்து பேராகச் சேர்ந்து போய் வந்துவிடுவார்கள். பகலில் வயிறு கலங்கினால் அவர்கள் என்ன செய்தார்கள் என்பது பிள்ளைகளான எங்களுக்குத் தெரியாது. என் அம்மா பயணம் கிளம்புகிற அன்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்கமாட்டார். அது ஏன் என்பது எனக்கு மிகவும் பிற்பாடுதான் விளங்கியது.

அந்தக் கழிப்பிடத்தைப் பார்த்துக்கொண்டவரை நாங்கள் ஆயா என்று கூப்பிடுவோம். நகராட்சிச் சம்பளம். தகரத் துண்டு, முறம், இரும்பு வாளி, கட்டை விளக்குமாறு, சுண்ணாம்புத் தூள், எப்போதாவது பினாயில். காலில் செருப்பு இல்லை. கையில் உறை இல்லை. வாயில் புகையிலை இருக்கும். அது இல்லாமல் அந்த நாற்றத்தில் நிற்க முடியாது என்று அவரே சொல்வார். தமிழ்நாட்டின் நகரங்களில் இந்த வேலை பெரும்பாலும் அருந்ததியர் வீடுகளின் மேல்தான் சுமத்தப்பட்டது. ஆயாவும் அப்படி வந்தவர்தான். அவர் மாமியார் இதே வேலை பார்த்தவர். தாகம் என்று கேட்டால் எங்கள் குடித்தனத்தில் செம்பை அவர் கையில் தரமாட்டார்கள். குழித்த உள்ளங்கையில் மேலிருந்து ஊற்றுவார்கள். இதை எழுதாமல் அந்தக் காலத்தைப் பற்றி எழுதக் கூடாது.

ஆனால் ஆயாவுக்குத் தன் வேலை தெரியும். பிளீச்சிங் பவுடர் வந்த நாளில் முதலில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவிவிட்டுத்தான் தூவுவார். தூவியதும் வாசலில் குறுக்கே கழியைப் போட்டுவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொள்வார். அவசரமாக ஓடிவருகிற பையன்களைப் பார்த்து, “இரு கண்ணு, காரம் அடங்கட்டும். காத்து வர்ற பக்கமா நில்லு” என்பார். எந்தப் பயிற்சி வகுப்பிலும் அவர் உட்கார்ந்ததில்லை. பல வருடம் கண்ணெரிந்து, தொண்டை கமறிக் கற்றுக்கொண்டது அது.

எண்பதுகளின் இறுதியில் பேருந்து நிலையங்களிலும் சந்தைகளிலும் கட்டணக் கழிப்பறைகள் வந்தன. கதவு வந்தது, கூரை வந்தது, வெள்ளைப் பீங்கான் வந்தது. வாசலில் மேசை போட்டு ஓர் ஆள் உட்கார்ந்தார். கூடவே ஏலமும் வந்தது. அதிகத் தொகை கேட்டவருக்கு ஓராண்டுக்கோ மூன்றாண்டுக்கோ குத்தகை. கட்டிய பணத்தை எடுக்க அவருக்கு இரண்டே வழி: பலகையில் எழுதியிருப்பதைவிடக் கூடுதலாக வாங்குவது, உள்ளே செலவைக் குறைப்பது. பலகை ஒரு ரூபாய் என்றது, மேசை ஐந்து ரூபாய் என்றது. செலவைக் குறைப்பது என்றால் முதலில் குறைவது தண்ணீரும் பினாயிலும். அடுத்தது துப்புரவாளரின் கூலி. நகராட்சிச் சம்பளத்தில் இருந்த ஆயாவுக்கு ஓய்வூதியம் வந்தது. அவருக்குப் பின்னால் வந்த பெண்ணுக்கு வருகைப் பதிவேடுகூடக் கிடையாது. குத்தகைதாரர் மாறினால் வேலையும் போய்விடும்.

பெண்களிடம் சிறுநீர் கழிக்கவும் காசு வாங்கினார்கள். ஆண்களுக்கு அது பல இடங்களில் இலவசம். இன்றும் நிறையப் பேருந்து நிலையங்களில் இந்த அநியாயம் நடக்கிறது. கேட்டால் ஆண்களுக்குத் தனித் தொட்டி இருக்கிறது, பெண்களுக்கு அறையைத் திறந்துவிட வேண்டியிருக்கிறது என்கிறார்கள். கட்டடத்தை அப்படிக் கட்டியது யார் என்பதற்கு அவர்களிடம் பதில் இல்லை.

இதற்கு நடுவே என் ஊரிலேயே வேறொன்று நடந்தது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் திருச்சிக்காரன் என்ற பெருமை வருகிறது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கல்மந்தை போன்ற குடிசைப் பகுதிகளில் பெண்கள் குழுவாகச் சேர்ந்து பொதுக் கழிப்பிடங்களைத் தாங்களே எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். கிராமாலயா என்ற தொண்டு நிறுவனம் பக்கபலமாக நின்றது. ஒரு தடவைக்கு 50 காசு. டோக்கன் உண்டு, கணக்கு நோட்டு உண்டு. துப்புரவு செய்கிறவருக்கும் காவலுக்கு இருப்பவருக்கும் அந்த வசூலிலிருந்தே சம்பளம். மிச்சத்தில் குழாய் பழுது பார்த்தார்கள், சிறு குழந்தைகளுக்கென்று தனியே தாழ்ந்த கழிப்பிடம் கட்டினார்கள். 2002-ல் திறந்தவெளியில் மலம் கழிக்காத குடிசைப் பகுதியாகக் கல்மந்தை அறிவிக்கப்பட்டது. நாட்டிலேயே முதலாவது என்று அதைச் சொன்னார்கள். தூய்மை இந்தியா இயக்கம் 2014 அக்டோபரில்தான் தொடங்கியது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும்.

அங்கே எது வித்தியாசம் என்று யோசித்திருக்கிறேன். பீங்கான் அதே பீங்கான்தான், கட்டடமும் பழைய கட்டடம்தான். காசு வாங்குகிறவரும் உபயோகிக்கிறவரும் சுத்தம் செய்கிறவரும் ஒரே தெருவில் குடியிருந்தார்கள். விளக்கு எரியவில்லை என்றால் அன்று இரவு தன் மகள்தான் இருட்டில் போக வேண்டும் என்பது நோட்டுப் பிடித்த பெண்ணுக்குத் தெரியும்.

முசிறியில் இன்னொரு முயற்சி. ஸ்கோப் என்ற தொண்டு அமைப்பு அங்கே சூழல் காக்கும் கழிப்பறைகளைக் கட்டியது. சிறுநீர் ஒரு பக்கம், மலம் ஒரு பக்கம், கழுவிய தண்ணீர் ஒரு பக்கம் என்று பிரிந்து போகும். மலத்தின் மேல் சாம்பல் தூவுவார்கள். அது காய்ந்து எருவாகும். பயன்படுத்தியவர்களிடம் காசு வாங்குவதற்குப் பதிலாக ஒரு தடவைக்கு 10 காசு கொடுத்தார்கள். நாளிதழ்கள் அந்தப் பத்துக் காசைத்தான் பெரிதாக எழுதின. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறு. அந்த அமைப்பில் மூடிய தொட்டிக்குள் நீரில் ஊறி நஞ்சாகும் கழிவே கிடையாது. யாரும் எதற்குள்ளும் இறங்க வேண்டியதில்லை.

இப்போதைய காட்சிக்கு வருகிறேன். 2013, 2014 வாக்கில் ‘நம்ம டாய்லெட்’ என்ற பெயரில் வண்ண வண்ணத் தடுப்புகளோடு ஆயத்தக் கழிப்பறைகள் தாம்பரத்தில் தொடங்கித் தமிழ்நாட்டு நகரங்களுக்குப் பரவின. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம், காற்றுக்கு இடைவெளி எல்லாம் யோசித்துச் செய்த நல்ல வடிவம் அது. சென்னையில் காசு போட்டால் கதவு திறக்கும், ஆள் வெளியேறியதும் தானே கழுவிக்கொள்ளும் மின்னணுக் கழிப்பறைகள் வந்தன. இன்று கிரானைட் தரை, தானியங்கிக் குழாய், கருத்துச் சொல்ல க்யூஆர் கோடு. இவற்றை நான் குறை சொல்லவே மாட்டேன். கதவில்லாத கழிப்பிடத்துக்குப் போய் வளர்ந்தவன் கதவைக் குறை சொல்வானா?

ஆனால் தானியங்கிக் குழாயில் தண்ணீர் வராததால் ஒரு பிளாஸ்டிக் குடத்தோடு வருகிறார் ஒரு பெண். அண்மையில் ஒரு புதிய கழிப்பறையில் அவரைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். ஒப்பந்தத் தொழிலாளி. பேச்சுக் கொடுத்தேன்.

“கையுறை தரலையாக்கா?”

“குடுத்தாங்க சார். ஆம்பளை சைசு. உள்ள தண்ணி போயி ஊறிக்கிட்டே கெடக்கும். நகமெல்லாம் வெந்துபோச்சு. மேஸ்திரி போட்டோ எடுக்க வர்றப்ப மாட்டிக்குவேன்.”

“மேலுக்கு முடியலைன்னா?”

“வரலைன்னா அன்னைக்குக் கூலி இல்லீங்க.”

அவர் கையில் இரண்டு பாட்டில்கள் இருந்தன. ஒன்றில் ஆசிட், ஒன்றில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர். மஞ்சள் கறை போக இரண்டையும் அடுத்தடுத்து ஊற்றித் தேய்க்கிறார். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கழிப்பறை ஆசிட் என்று கடைகளில் விற்பது பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப் போரில் வீரர்களைக் கொல்லப் பதுங்குகுழிகளை நோக்கித் திறந்துவிடப்பட்ட அதே குளோரின்தான். கொஞ்சமாக இருந்தால் கண் எரியும், இருமல் வரும். மூடிய அறையில் அதிகமானால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ஆசிட் இல்லாவிட்டாலும் ஆபத்து உண்டு. நாள்பட்ட சிறுநீரில் அம்மோனியா இருக்கிறது. கழுவாத தொட்டியில் நேராகப் பிளீச்சிங் பவுடரைத் தூவினால் அந்த அம்மோனியாவோடு கலந்து குளோரமின் என்ற எரிச்சல் வாயு உண்டாகும். ஆயா முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவியதற்குக் காரணம் இதுதான் என்று இன்று தெரிகிறது. வேதியியல் பெயர் அவருக்குத் தெரியாது, வரிசை தெரிந்திருந்தது.

இன்னொன்றும் தெரிகிறது, அது என்னை உறங்கவிடாமல் செய்கிறது. அந்தப் பழைய கழிப்பிடத்துக்குக் கூரை இல்லை. எங்கள் மானத்தை அது காக்கவில்லை, ஆனால் ஆயாவின் நுரையீரலைக் காத்தது. எந்த வாயு கிளம்பினாலும் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். இன்றைய அறைக்குக் கூரை இருக்கிறது, இறுகச் சாத்துகிற கதவு இருக்கிறது, புகைபோக்கி விசிறி இருந்தும் ஓடுவதில்லை. நமக்கு மறைவு கொடுத்த அதே சுவர்கள் அவரை நச்சுக்காற்றோடு உள்ளே அடைத்துவைக்கின்றன. கூரையை எடுத்துவிடச் சொல்லவில்லை. விசிறி ஓட வேண்டும், கதவைத் திறந்துவைத்துக் கழுவ நேரம் ஒதுக்க வேண்டும், ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒரே கையில் தரப்படக் கூடாது. இதற்கெல்லாம் கோடி ரூபாய் ஆகாது.

தண்ணீர் மோட்டாரையும் பார்த்தேன். ஈரத் தரைக்குப் பக்கத்தில், ஈரக் கை எட்டுகிற உயரத்தில் சுவிட்சு. மின்கசிவை உணர்ந்து நொடிக்குள் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்புக் கருவி ஒன்று அங்கே இருக்க வேண்டும். இல்லை. இரவு வேலையில் தனியாக இருக்கும் பெண்ணுக்குக் குடித்துவிட்டு வருகிறவர்களின் தொல்லை தனி.

இவை எல்லாம் தரைக்கு மேலே. தரைக்குக் கீழே இருப்பதைச் சொல்லத்தான் எனக்குக் கை நடுங்குகிறது.

பாதாளச் சாக்கடை எட்டாத இடங்களில் பொதுக் கழிப்பறையின் கழிவு போய்ச் சேர்வது செப்டிக் டேங்குக்கு. காற்றில்லாத அந்தத் தொட்டியில் கழிவு அழுகும்போது மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் உண்டாகின்றன. ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். பத்து லட்சம் பங்குக் காற்றில் ஒரு பங்கு இருந்தாலே அழுகிய முட்டை நாற்றம் மூக்கைத் துளைக்கும். அந்த அளவு 100 பங்கை நெருங்கினால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. “இப்ப நாத்தம் கொறைஞ்சிருச்சு, எறங்கலாம்” என்று சொல்கிற நேரம்தான் பல சமயம் மிகக் கொடிய நேரம். 700 பங்கைத் தாண்டினால் சில மூச்சுகளில் ஆள் சுருண்டு விழுவார். தொட்டி அமைதியாக இருக்கும்போது வாயு சகதிக்குள் கரைந்து கிடக்கும். கழி விட்டுக் கலக்கியதும் மொத்தமாக வெளியேறும். மூடியைத் திறந்து அரை நாள் காற்றாட விட்டோம் என்பதால் தப்பிவிட முடியாதது இதனால்தான். கிணற்றில் இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்க்கிற வழக்கம் நம் ஊர்களில் உண்டு. செப்டிக் டேங்கில் அதைச் செய்யவே கூடாது. காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் இருந்தால் வெடிக்கும். விளக்கு அணையாமல் எரிந்தாலும் ஹைட்ரஜன் சல்பைடு இல்லை என்று அர்த்தமாகாது.

செத்தவர்களின் செய்திகளைப் படித்துப் பாருங்கள். முதலில் ஒருவர் இறங்குவார், விழுவார். அவரைத் தூக்க இன்னொருவர் குதிப்பார். அண்ணன் தம்பி, அப்பா மகன் என்று ஒரே வீட்டில் இரண்டு பிணம் விழுந்த செய்திகள் நம் மாநிலத்தில் எத்தனை! 1993 முதலான சாக்கடை மரணங்கள் பற்றி நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட அரசுக் கணக்குகளிலேயே தமிழ்நாடுதான் முதலிடத்தில் இருந்திருக்கிறது. திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படம் 2017-ல் வந்தபோது அதை முழுதாகப் பார்த்து முடிக்க எனக்கு மனவலு போதவில்லை, இடையிடையே நிறுத்தித்தான் பார்த்தேன்.

லாரி வந்து உறிஞ்சும்போது ஏன் ஆளை இறக்குகிறார்கள்? அடியில் மணலும் மண்டியும் இறுகிப்போய்க் குழாயில் ஏறுவதில்லை. துணி, நாப்கின், பாட்டில், புகையிலைப் பொட்டலம் எல்லாம் அடைத்துக்கொள்கின்றன. வருடக்கணக்கில் திறக்காமல் போட்டுவைத்ததன் விளைவு அது. வீட்டுத் தொட்டியையே இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை காலி செய்ய வேண்டும். நூற்றுக்கணக்கானோர் வந்து போகும் கழிப்பறையின் தொட்டியை அதைவிடச் சீக்கிரம் எடுக்க வேண்டும். இறுகினாலும் அழுத்தத்தோடு தண்ணீர் பீய்ச்சிக் கலக்கி உறிஞ்சுகிற இயந்திரங்கள் இருக்கின்றன. கேரளத்து இளைஞர்கள் உருவாக்கிய பாண்டிகூட் என்ற இயந்திரம் ஆள்நுழைவுக் குழிக்குள் ஆளுக்குப் பதிலாக இறங்குகிறது. தமிழ்நாட்டுக்கும் அது வந்திருக்கிறது. கருவி இல்லை என்ற பேச்சுக்கு இனி இடமில்லை.

சட்டமும் இல்லாமல் இல்லை. கையால் மலம் அள்ளுவதற்கு எதிராக 1993-ல் ஒரு சட்டம் வந்தது. 2013-ல் வந்த சட்டம் பாதுகாப்பில்லாமல் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியது. முதல் தடவை இரண்டாண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். மறுபடி செய்தால் ஐந்தாண்டு, 5 லட்சம். துப்புரவுத் தொழிலாளர் இயக்கத்தின் வழக்கில் 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், 1993-க்குப் பிறகு இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. 2025 ஜனவரியில் சென்னை உள்பட ஆறு பெருநகரங்களில் மனிதர் இறங்கிச் சாக்கடை சுத்தம் செய்வதை அடியோடு நிறுத்த உத்தரவிட்டது. அதற்குப் பிறகும் சாவுச் செய்தி நிற்கவில்லை. காரணம் எனக்குத் தெரிந்தவரை ஒன்றுதான். கூலிக்கு ஆளைக் கூட்டிவந்தவர் மேல் வழக்குப் பாய்கிறது. அவருக்கு ஒப்பந்தம் தந்தவர் மேல் அநேகமாகப் பாய்வதில்லை.

ஒப்பந்தப் புள்ளி கோரும்போது கிரானைட்டின் கனம் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்கிறோம். அதே ஆவணத்தில், துப்புரவாளருக்கு அவர் கைக்கும் காலுக்கும் பொருந்துகிற உறையும் பூட்ஸும் எத்தனை மாதத்துக்கு ஒரு முறை, மஞ்சள் காமாலை பி, டைபாய்டு, டெட்டனஸ் தடுப்பூசிகள் எப்போது, சம்பளத்துடன் விடுப்பு எத்தனை நாள், செப்டிக் டேங்க் காலி செய்யும் தேதி எது என்பதையும் எழுதிவைக்க வேண்டும். எழுதியது நடக்காவிட்டால் மாதப் பணத்தைப் பிடிக்க வேண்டும். கட்டிய கழிப்பறை நாறுகிறது என்று புகார் சொல்கிறவர்களுக்கும் இதுதான் மருந்து. பார்த்துக்கொள்கிற மனிதருக்கு உடம்பும் வேலையும் நிலையாக இருந்தால்தான் கழிப்பறை சுத்தமாக இருக்கும். கல்மந்தைப் பெண்கள் 50 காசில் செய்து காட்டியது அது.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. நாப்கினையும் பாட்டிலையும் பீங்கானுக்குள் போடாதீர்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ செப்டிக் டேங்க் நிறைந்தால், மலிவாகக் கிடைக்கிறார் என்று ஆளைக் கூப்பிடாதீர்கள். 14420 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் உரிமம் பெற்ற லாரி வரும். யாராவது தொட்டிக்குள் இறங்கத் தயாராவதைப் பார்த்தால் தடுத்து நிறுத்திவிட்டு அதே எண்ணைக் கூப்பிடுங்கள். ஏற்கெனவே ஒருவர் உள்ளே விழுந்துவிட்டார் என்றால் எவ்வளவு பதறினாலும் நீங்கள் குதிக்காதீர்கள், பக்கத்தில் நிற்பவரையும் குதிக்கவிடாதீர்கள். 101-ஐயும் 108-ஐயும் அழையுங்கள்.